கைப்பேசியும் திரிபுணர்ச்சியும்

(திருவான்மியூரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில், உறுப்பினராகிய தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் தமிழ்ப் பண்டிதன் ஒருவனை ஏற்றினால், அவன் ஒரு காப்பியத்தைப் பற்றியோ ஒரு புலவரின் சரித்திரத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இதுகாறும் யானும் அங்ஙனமே பேசி வந்துள்ளேன். இம்முறை கைப்பேசியைப் பற்றிப் பேச இடம் தரவேண்டும் என்று நம் காரியதரிசி அவர்களைக் கேட்டபோது அவர் நகைத்தார். "தரமணி டைடல் பூங்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதற்குப் பண்டிதர் எதற்கு?" என்றார். அவர் கேட்டது நியாயமே. 2000ஆம் ஆண்டில் அப்பூங்கா திறக்கப்பட்ட நாள்தொட்டு, கணினித் தொழில் நம் ஊரின் அண்டைத் தொழிலாகிவிட்டது. கருவியின் உள்ளே நிகழ்வதை எடுத்துரைக்க என்னினும் தக்கவர் இச்சபையிலேயே பலர் உளர்.

ஆயினும் யான் பேசப் புகுவது கருவியைப் பற்றியன்று. அக்கருவியைக் குறித்து நம் உள்ளத்தில் குடியிருக்கும் பிழையான எண்ணங்களைப் பற்றியே. அன்றியும், இதைப் பேச வேண்டிய கடன் எனக்கு ஒன்று உண்டு. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் திருக்குளத்துக்கு அணித்தாய வீதியில் வாழ்பவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தம் வீட்டு மாடிப் பகுதியை வாடகைக்கு விட எண்ணி இணையத்தில் விளம்பரம் செய்தார். அன்றே ஒருவன் பேசினான். தான் இராணுவத்து அதிகாரி என்றும், சென்னைக்கு மாற்றலாகி வருவதாகவும், வீட்டைப் படத்திற் பார்த்தே மனம் நிறைந்ததாகவும், முன்பணத்தை உடனே அனுப்புவதாகவும் கூறினான். முதலில் ஒரு ரூபாய் அனுப்பினான். அது வந்து சேர்ந்தது. பின்னர்க் கட்டம் கட்டமாய்க் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த க்யூ.ஆர். குறி ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து, தங்கள் பின் எண்ணை இடுங்கள், பணம் தங்கள் கணக்கில் விழும்" என்றான்.

பெரியவர் நிதானம் உள்ளவர். உடனே செய்துவிடவில்லை. பள்ளியில் இடைவேளையாக இருந்த என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நமக்குப் பணம் வரவேண்டுமானாலும் அந்த எண்ணைப் போடத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். யான் அடுத்த வகுப்புக்குப் போகும் அவசரத்தில், "ஆம் ஐயா, அது எதற்கும் எண் கேட்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டேன். இருப்பு எவ்வளவு என்று பார்க்கும்போதுங்கூட எண் கேட்கிறதே, ஆகவே எல்லாவற்றுக்கும் கேட்கும் போலும் என்பது என் எண்ணம். அறிந்து சொன்னேனல்லேன், ஆனால் அறிந்தவன் போலச் சொன்னேன். அவர் எண்ணை இட்டார். "வரவில்லை, மீண்டும் இடுங்கள்" என்றான் அவன். மும்முறை இட்டார். பேத்தியின் திருமணத்துக்கென்று வைத்திருந்த தொகையில் 95,000 ரூபாய் போயிற்று.

இக்கதையை உரைக்க அப்பெரியவரே எனக்கு இசைவு தந்தார். "என் பெயர் வேண்டா, செய்தி வேண்டும்" என்றார். என் பெயரை மறைக்க எனக்கு உரிமையில்லை. ஆதலின் உங்கள் முன் நிற்கிறேன்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் யான் பல நாள் சிந்தித்தேன். அப்பெரியவர்க்குக் கேடு செய்தது அறியாமையா? அன்று. அறியாமை அவரிடம் இருந்தவரை அவர் பாதுகாப்பாகவே இருந்தார். அறியாமையால் அன்றோ என்னைக் கேட்டார்? அவரிடம் ஐயம் இருந்தவரையிலும் அவர் பணம் அவரிடமே இருந்தது. கேடு வந்தது யான் கொடுத்த பொய்த்தெளிவினால். அறியாமை வேறு, ஐயம் வேறு, திரிபு வேறு என்று தருக்க நூலார் பிரித்துக் கூறியது வீண் அன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் இதற்கு ஓர் அருமையான இடம் உண்டு. மணிமேகலை வஞ்சி மாநகரத்தில் பல சமயவாதிகளின் கொள்கைகளையும் கேட்டு வருகிறாள். அவருள் முதல்வனாகிய அளவைவாதி, மெய்யறிவு போலத் தோன்றி மெய்யறிவு ஆகாதன எட்டு என்று எண்ணிக் காட்டுகிறான். 1898ஆம் ஆண்டில் இக்காப்பியத்தை அச்சேற்றி நமக்கு அளித்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் பெயர் பூண்ட நூல்நிலையம் நம் பக்கத்துப் பெசன்ட் நகரிலேயே இருக்கிறது. நூல் நமக்கு அருகில் இருந்தது. யான்தான் அதன் பயனைக் கைக்கொள்ளவில்லை. அவ்வெட்டனுள் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கைப்பேசியைக் குறித்து நம்மிடையே வழங்கும் தவறான கருத்துக்களை அவற்றில் அடக்கிக் காட்ட முயல்கிறேன்.

முதலாவது, திரியக்கோடல். இப்பியை வெள்ளியென்று கொள்ளுதல் அதற்கு எடுத்துக்காட்டு. உள்ள பொருள் ஒன்று. நாம் கொள்ளும் பொருள் மற்றொன்று.

தீங்கு குறைந்த ஒன்றை முதலில் சொல்வேன். "கைப்பேசியின் பாட்டரியை முழுதும் வடியவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லையேல் அது கெட்டுவிடும்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். இது ஒரு காலத்தில் மெய்யாக இருந்த விதி. நிக்கல் காட்மியம் என்னும் பழைய வகைப் பாட்டரிகளுக்குப் பாதி வடிந்த நிலையிலேயே மீண்டும் மீண்டும் மின்னேற்றினால் கொள்ளளவு குறைந்தாற்போன்ற குறை நேர்வதுண்டு. 1991ஆம் ஆண்டு தொட்டு விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி பாட்டரிக்கு அக்குறை இல்லை. அதற்கு மாறாக, அடியோடு வடியவிடுதலும் வெப்பமுமே அதற்குப் பகை. இவ்வகைப் பாட்டரியை ஆக்கித் தந்த மூவர்க்கு 2019இல் நோபல் பரிசும் அளிக்கப்பட்டது. பொருள் மாறிவிட்டது, விதி மட்டும் பாட்டன் சொத்துப் போல நம்மிடம் தங்கிவிட்டது. வெயில் படும் சன்னலோரத்திலும் தலையணைக்கடியிலும் கைப்பேசியை வைத்து மின்னேற்றுதலை விடுத்தாலே போதும்.

இனி, கேடு தரும் திரிபுகளுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டில் நம் தேசத்தில் தோன்றிய யு.பி.ஐ. என்னும் பணமாற்று முறையில் பின் எண் என்பது யாது? அது பெட்டிச் சாவி என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பெட்டியைத் திறந்தால் பணம் உள்ளேயும் வரலாம், வெளியேயும் போகலாம் அன்றோ? அத்திரிபே பெரியவரையும் என்னையும் கெடுத்தது. அது சாவியன்று, செக்கில் இடும் கையெழுத்து. ஒருவர் நமக்குச் செக்குத் தரும்போது நாம் அதில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டோ? அதுபோலவே, பணம் பெறுதற்கு எண் வேண்டுவதே இல்லை. எண்ணுக்கு மாறாக விரல்ரேகையையோ முகத்தையோ கேட்டாலும் அதுவும் கையெழுத்தே. க்யூ.ஆர். குறியோ, பணம் யாருக்குச் சேரவேண்டும் என்னும் மேல்விலாசம். காய்கறிக் கடையில் தொங்கும் குறியை நாம் ஸ்கேன் செய்வது கடைக்காரருக்குக் கொடுப்பதற்கே அன்றி அவரிடம் வாங்குவதற்கு அன்றே! அவன் முதலில் அனுப்பிய ஒரு ரூபாயும் தூண்டிலில் கோத்த புழு. அந்த ஒரு ரூபாய் வந்தபோது பெரியவர் எண் இட்டாரா? இல்லை. அதை மட்டும் யான் அன்று கேட்டிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

ஒரு தனிமனிதர் மற்றொருவர்க்கு "எனக்கு இத்தனை ரூபாய் தருக" என்று யு.பி.ஐ. வழியாகவே விண்ணப்பம் அனுப்பும் வசதி முன்பு இருந்தது. அதைக் கொண்டும் வஞ்சகர் இவ்வாறே எண்ணை இடச் செய்து வந்தமையால், 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அவ்வசதி நிறுத்தப்பட்டது. ஒரு வாயில் அடைபட்டது நன்றே. ஆயினும் நம் உள்ளத்திலுள்ள திரிபு அடைபடாதவரை அவர்கள் வேறு வாயில் காண்பர்.

இணையத்தளத்தின் முகவரி அருகே பூட்டுக் குறி கண்டால் "இது நாணயமான இடம்" என்று கொள்ளுதல் மற்றொரு திரிபு. நமக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியிற் பிறர் படிக்கமாட்டார் என்பதே அக்குறியின் பொருள். அத்தளத்தை நடத்துபவன் திருடனாயின், பூட்டிய பெட்டியில் வைத்து நம் செய்தி திருடன் வீட்டுக்குப் பத்திரமாகச் சென்று சேரும், அவ்வளவே. மக்கள் இதனைப் பிழைபட உணர்கின்றனர் என்பதை அறிந்தே, கூகுள் நிறுவனத்தார் தம் குரோம் உலாவியில் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் பூட்டுக் குறியை நீக்கி வேறொரு குறியை அமைத்தனர்.

மறைந்ததை அழிந்ததாகக் கொள்ளுதலும் இவ்வகையே. படத்தை அழித்தேன் என்கிறோம். கருவி பெரும்பாலும் அப்படம் இருந்த இடத்தை "இது காலி" என்று குறித்துக்கொள்கிறதே அன்றி, உடனே துடைப்பதில்லை. வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும்வரை அது மீட்கவும் படலாம். ஆதலின் பழைய கைப்பேசியை விற்குமுன் படங்களை ஒவ்வொன்றாக அழிப்பது போதாது. நம் கணக்குகளிலிருந்து வெளியேறி, கருவி முழுமையையும் முதல் நிலைக்குத் திருப்பிய பின்னரே பிறர் கையில் தருதல் வேண்டும். இற்றை நாட் கைப்பேசிகள் உள்ளிருப்பவற்றை மறைமொழியாக்கி வைப்பன. முதல் நிலைக்குத் திருப்பும்போது அம்மறைமொழியின் திறவுகோலே அழிந்துபடும்.

இரண்டாவது, கண்டுணராமை. கொடும்புலி நெருங்கி வருவதைக் கண்ணாற் கண்டும் அதனைப் புலியென்று உணராமல் நிற்றல்.

நம் சங்கத்தார்க்கு இது மிகவும் வேண்டியது. இக்காலத்தில் நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே வருகின்றன. பெண் வீட்டார் யார், பிள்ளை வீட்டார் யார் என்று பார்க்கும் ஆவலில் வந்தவுடன் தொட்டுத் திறக்கிறோம். இவ்வழக்கத்தை அறிந்த வஞ்சகர், அழைப்பிதழ் என்று பெயரிட்டுச் செயலி ஒன்றை அனுப்புகின்றனர். 2024ஆம் ஆண்டில் வட மாநிலத்துக் காவல் துறையார் இதனைக் குறித்து எச்சரிக்கை விடுத்தனர். அழைப்பிதழ் என்பது ஒரு படமாகவோ, பி.டி.எஃப். ஆகவோ இருக்கும். பெயரின் ஈற்றில் ஏ.பி.கே. என்னும் மூன்றெழுத்து இருக்குமாயின் அது அழைப்பிதழ் அன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அதை நிறுவ முற்படும்போது கருவி நம்மை எச்சரிக்கவும் செய்கிறது, "இச்செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கலாமா?" என்று கேட்கவும் கேட்கிறது. திருமண அழைப்பிதழுக்கு நம் குறுஞ்செய்திகளைப் படிக்க வேண்டிய காரியம் என்ன? புலி தன் பெயரைச் சொல்லியே வருகிறது. நாமோ படிக்காமல் "சரி, சரி" என்று தொட்டுக்கொண்டே போகிறோம். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அதன்பின் நமக்கும் வரும், அவனுக்கும் போகும்.

இதற்கு மருந்து எளிது. கைப்பேசி கேள்வி கேட்குமிடத்தில் விரலை நிறுத்திப் படியுங்கள். ஆங்கிலம் தெரியாதவர் மொழியமைப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்; அவ்வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. நம் வீட்டு முதியோரின் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றித் தந்தால், அக்கேள்விகளுள் பாதியேனும் அவர்களுக்கு விளங்கும்.

மூன்றாவது, இல்வழக்கு. முயற்கொம்பு என்று வாயாற் சொல்லலாம்; சொன்ன மாத்திரத்தில் உள்ளத்தில் ஓர் உருவும் தோன்றும். உலகத்திலோ அப்படி ஒரு பொருள் இல்லை.

2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது வந்த புதிய 2000 ரூபாய் நோட்டில் நுண்ணிய ஜி.பி.எஸ். சில்லு ஒன்று பதித்திருப்பதாகவும், பூமிக்குள் 120 மீட்டர் ஆழத்திற் புதைத்தாலும் வானத்துச் செயற்கைக்கோள் அதனைக் கண்டுகொள்ளும் என்றும் ஊரெங்கும் செய்தி பரவிற்று. படித்தவர்களே என்னிடம் உறுதியாகக் கூறினர். ரிசர்வ் வங்கி அதை மறுத்தது. சற்றே எண்ணிப் பார்த்தால் நமக்கே விளங்கியிருக்கும். ஜி.பி.எஸ். பெறும் கருவி தான் இருக்கும் இடத்தைத் தானே கணிப்பது. அதனைப் பிறருக்கு அறிவிக்க வேறு ஒலிபரப்பும் அதற்கு மின்சாரமும் வேண்டும். நம் கைப்பேசியே ஒரு நாளைக்குள் பாட்டரி வடிந்து நிற்கிறது; தாளுக்குள் பாட்டரி எங்கே? அந்நோட்டும் 2023ஆம் ஆண்டு மே மாதத்து அறிவிப்பின்படி புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்த முயற்கொம்பு எவர்க்கும் பெருங்கேடு செய்யவில்லை. பின்னர் வந்த ஒன்று செய்தது, செய்தும் வருகிறது. "டிஜிட்டல் கைது" என்பது அதன் பெயர். காவல் உடை அணிந்த ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி, "உன் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருந்தது, உன்னை டிஜிட்டல் முறையில் கைது செய்துள்ளோம், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, உன் பணத்தைச் சரிபார்ப்புக்காக இக்கணக்குக்கு மாற்று" என்கிறான். கற்றோரும் முதியோரும் நாட்கணக்காக அறைக்குள் அடைந்து கிடந்து தம் வாழ்நாட் சேமிப்பை அனுப்பியுள்ளனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி பிரதம மந்திரி வானொலி உரையிலேயே, சட்டத்தில் டிஜிட்டல் கைது என ஒன்று இல்லை என்று தெரிவித்தார். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இக்கொடுமையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்புச் சட்டம். வீடியோ அழைப்பில் அடைக்கும் சிறையும் இல்லை. குற்றமற்றவனென்று காட்டப் பணத்தை மாற்றித் தரும் முறையும் இல்லை. "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொல்லும்போதே அது முயற்கொம்பு என்று தெளிக.

என் தொழிலைச் சார்ந்த இல்வழக்கு ஒன்றும் உண்டு. என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் புறநானூற்றுப் பாடல் என்று நான்கு அடிகளை எழுதிப் பாட்டெண்ணும் இட்டிருந்தான். நூலை எடுத்துப் பார்த்தேன். அவ்வெண்ணில் இருந்தது வேறு பாடல். நானூறு பாடலிலும் தேடினேன். அவ்வடிகள் எங்கும் இல்லை. விசாரித்தபோது, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கேட்டதாகவும் அது தந்ததாகவும் சொன்னான். அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை. "கணினிக்குத் தெரியாதா ஐயா?" என்றான். அச்செயலி நூலைத் திறந்து படித்துச் சொல்லும் நூலகர் என்பது அவன் எண்ணம். எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வரத்தகும் என்று, தான் பயின்ற பெருந்திரளான எழுத்துக்களைக் கொண்டு கணித்து அடுக்குவதே அதன் அடிப்படைத் தொழில். பல சமயம் அவ்வடுக்கு உண்மையோடு பொருந்தும். சில சமயம் பொருந்தாது. இரண்டிலும் அதன் குரல் ஒன்றே. தயங்கிச் சொல்லும் ஆசிரியனை நம்பலாம். தயக்கமே அறியாத எதனையும் நூலோடு ஒத்துப் பார்த்த பின்னரே கொள்ளுதல் வேண்டும்.

நான்காவது, தேராது தெளிதல். வெளியில் நிற்பது தறியோ மகனோ என்று ஆராயாமல் மகனே என்று துணிதல். யான் செய்தது இதுவே.

இதில் நம் போன்ற சங்கத்தார்க்குத் தனிப்பட்ட ஆபத்து ஒன்று உண்டு. "நம்மவர் அனுப்பியது" என்ற ஒன்றே நமக்குச் சான்றாகிவிடுகிறது. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால், அது ஒருவர் கையிலிருந்து நேரே வந்தது என்று கொள்கிறோம். அவர் கணக்கே பிறன் கைக்குப் போயிருக்கலாம். "தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கியவுடன், அவ்வெண்ணைக் கொண்டே அவர் வாட்ஸ்அப் கணக்கைத் தன் கருவிக்கு மாற்றிக்கொள்கிறான் வஞ்சகன். பின்பு அவர் பெயராலும் படத்தாலும், "மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரமாக இருபதாயிரம் அனுப்புங்கள்" என்று நம் எல்லோருக்கும் எழுதுகிறான். குரலையும் இப்போது கருவியாற் போலி செய்தல் கூடும். ஆதலின், பணம் கேட்டு வரும் எச்செய்தியாயினும், நம்மிடம் முன்பே உள்ள அவரது எண்ணுக்கு நாமே கூப்பிட்டுப் பேசிய பின்னரே அனுப்புதல் வேண்டும். மகனாயினும், மைத்துனனாயினும், சங்கத்துத் தலைவராயினும் இவ்விதி ஒன்றே. இது மரியாதைக் குறைவு அன்று. அவர்க்கு நாம் செய்யும் காவல்.

இவற்றையெல்லாம் கேட்டு, "இந்தக் கைப்பேசியே வேண்டா, வீட்டிலுள்ள பெண்களும் முதியவரும் அதைத் தொடாதிருப்பதே நன்று" என்று முடிவு செய்யற்க. அதுவும் ஒரு திரிபே. பெரியவரின் கணக்கைப் பூட்டுடைத்து எவனும் திருடவில்லை, முறை உடையவில்லை, அவர் கையைக் கொண்டே கையெழுத்து வாங்கினான். ஓய்வூதியம் வந்ததா என்று பார்க்க வங்கி வாயிலில் வெயிலில் நின்ற நம் பாட்டிமார், இன்று வீட்டிலிருந்தே அறிந்துகொள்கின்றனர். அந்நன்மையை அச்சத்தால் இழக்கலாகாது. வேண்டுவது விலகல் அன்று, ஐயம்.

அளவைவாதி ஐயத்தையும் குற்றங்களின் வரிசையிலேயே வைத்தான். மெய்ப்பொருள் காண விரும்புவார்க்கு ஐயத்திலேயே நின்றுவிடுதல் குறைதான். ஆயினும் தேராமல் தெளிவதினும், தேரும்வரை ஐயுறுதல் நூறு மடங்கு மேல். "தெரியவில்லை, மாலையில் கேட்டுச் சொல்கிறேன்" என்னும் சொற்கள் அன்று என் வாயில் வந்திருந்தால், இன்று யான் மணிமேகலையின் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.

இனி, முடிவாக ஒன்று. அப்பெரியவர் தாம் இழந்ததை நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பேரன் வங்கிக் கணக்கைப் பார்த்துக் கேட்ட பின்பே வெளிப்பட்டது. "பிள்ளைகள் முன் தலை குனிய வேண்டுமே, தம்பி" என்றார் என்னிடம். அந்த நான்கு நாளில் பணம் பல கணக்குகளுக்கு மாறி, எடுக்கவும் பட்டுவிட்டது. 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு உடனே அறிவித்தால், அச்செய்தி வங்கிகளுக்குச் சென்று, பணம் நிற்கும் கணக்கில் அதனை முடக்க வழியுண்டு. பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவது நிமிடக் கணக்கில். ஆதலின் நாம் அறிவிப்பதும் நிமிடக் கணக்கில் இருத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறியும் இதையே வற்புறுத்துகிறது. நம் பிழையின்றிப் பிறரால் இழப்பு நேர்ந்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் பொறுப்பு நம்மைச் சாராது. நம் கவனக்குறைவால் நேர்ந்ததாயினும், வங்கிக்கு அறிவித்த பின் நேரும் இழப்பு நம்மைச் சாராது. இரண்டிலும் வாய் திறத்தலே காப்பு.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: ஒவ்வொரு மாதக் கூட்டமும் முடிந்த பின் அரைமணி நேரம், தரமணியிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் முதியோர் பக்கத்தில் அமர்ந்து, அவர்தம் கைப்பேசியை அவர் கையிலேயே வைத்துக் கற்பிக்க வேண்டும், பிடுங்கித் தாமே செய்துவிடலாகாது. இரண்டு: 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். மூன்று: ஏமாந்தவரை எள்ளி நகையாடுதல் நம் சங்கத்தில் இல்லையென்று ஆக வேண்டும். ஒருவர் நகைக்கப்படுவார் என்றால் அடுத்தவர் மறைப்பார். அடுத்தவர் மறைத்தால் திருடனுக்கு நான்கு நாள் கிடைக்கும்.

அப்பெரியவரின் பேத்திக்கு வரும் தை மாதத்தில் திருமணம். அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று பேரன் கேட்டானாம். "அனுப்பு, ஆனால் படமாக அனுப்பு, அனுப்பியபின் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நாம்தான் அனுப்பினோம் என்று சொல்" என்றாராம் அவர். நம்மில் எவரினும் இப்போது அவரே நன்கு கற்றவர்.